செப்டம்பர்ல அம்மா அப்பா சின்சினாட்டி வராங்க, அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு கூட்டிட்டுப் போலாமா?

மேசன்_புதுசு:

வணக்கம் மக்களே, நாங்க 2025 ஏப்ரல்ல தான் டல்லாஸ்ல இருந்து ஒஹையோ மாநிலத்துல சின்சினாட்டி பக்கம் மாறி வந்தோம், வீடு மேசன்ல. ஆகஸ்ட் கடைசி வாரம் அம்மா அப்பா திருச்சில இருந்து வராங்க, டிசம்பர் வரைக்கும் இருப்பாங்க. போன தடவை டல்லாஸ் வந்தப்ப நடு கோடை, காலைல ஒன்பது மணிக்கே வெளிய கால் வைக்க முடியாது, ரெண்டு பேரும் டிவி முன்னாடியே உக்காந்து பொழுத ஓட்டினாங்க, அப்பா ஊருக்குப் போய் எல்லார்கிட்டயும் "அமெரிக்காவுல மனுஷங்களே இல்ல, கார் தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு திரியறார். இந்த தடவை அந்தப் பேச்ச மாத்தணும், அதான் இந்த போஸ்ட்.

ஆபீஸ்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. லேபர் டேக்கு (செப்டம்பர் முதல் திங்கள்) முந்தின நாள் ஒஹையோ ஆத்துல பெரிய வாணவேடிக்கைங்கறாங்க, ஜெர்மன் பீர் திருவிழா அக்டோபர்ஃபெஸ்ட் விட்றாதீங்கன்றாங்க, ஒருத்தர் ஏதோ முட்டைகோஸ் திருவிழான்னு சொல்லி சிரிச்சார், நிஜமா கிண்டலான்னு தெரியல. எங்க நிலவரம் இது: அம்மாவுக்கு முட்டி வலி, அரை மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாது. ரெண்டு பேரும் சைவம், முட்டை கண்ணால பாத்தா வேண்டாம், கேக்குக்குள்ள இருந்தா கண்டுக்க மாட்டாங்க. அப்பா தபால் துறைல ரிட்டயர் ஆனவர், பழைய பாலம் பழைய கட்டடம் எது இருந்தாலும் அங்க இருக்கிற போர்ட முழுசா படிச்சு முடிக்காம நகர மாட்டார். பையனுக்கு ஆறு வயசு. பீர் குடிக்கிற கூட்டத்துக்கு நடுவுல இவங்கள கூட்டிட்டுப் போய் நிக்க வைக்கிறது சரியா வருமா? செப்டம்பர் அக்டோபர்ல வேற என்ன இருக்கு? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை_டு_ஒஹையோ:

வாங்க வாங்க, நல்ல சீசன்ல தான் கூப்பிட்டிருக்கீங்க. இந்த ஊர்ல செப்டம்பர் பத்துக்கு மேல அக்டோபர் கடைசி வரைக்கும் இருக்கிற கிளைமேட்டுக்கு ஈடே இல்லீங்க.

அக்டோபர்ஃபெஸ்ட் தாராளமா கூட்டிட்டுப் போலாம், நேரம் பாத்து போகணும் அவ்வளவுதான். இந்த வருஷம் (2025) செப்டம்பர் 18 வியாழன்ல இருந்து 21 ஞாயிறு வரைக்கும். முன்னாடியெல்லாம் டவுன்டவுன் ரோட்டையே அடைச்சு நடத்துவாங்க, 2024ல இருந்து ஆத்தங்கரைக்கு, சாயர் பாயின்ட் யீட்மன்ஸ் கோவ் பக்கம் மாத்திட்டாங்க, நாளும் ஒண்ணு கூட்டிட்டாங்க. நுழைய காசு கிடையாது. 1976ல ஒரு தெருக் கொண்டாட்டமா ஆரம்பிச்சது, இன்னைக்கு நாலு நாள்ல ஆறேழு லட்சம் பேர் வராங்க, மியூனிக்ல நடக்கிறதுக்கு அடுத்த பெருசுன்னு இவங்க பெருமை பேசிக்குவாங்க. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மட்டும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க, காலேஜ் பசங்க கூட்டம். வியாழன் சாயங்காலம், இல்லாட்டி ஞாயிறு பதினொரு மணிக்குப் போனீங்கன்னா தாத்தா பாட்டி ஸ்ட்ரோலர் குழந்தைன்னு குடும்பக் கூட்டம்தான், குடிச்சிட்டு யாரும் மேல வந்து விழ மாட்டாங்க.

பையனுக்கு டாக்ஸ்ஹுன்ட் நாய் ஓட்டம் கட்டாயம் காட்டுங்க. அந்தக் குட்டைக்கால் நீளநாய் நூறு நாய்க்கு பன்னு மாதிரி டிரஸ் மாட்டி ஓட விடுவாங்க, பாதி நாய் எதிர்ப்பக்கம் ஓடும், ஒண்ணு ரெண்டு அங்கயே உக்காந்துக்கும், ஜெயிச்ச நாயோட ஓனர் அழுவார். அப்புறம் கோழி டான்ஸ். 1994ல 48,000 பேர் ஒரே நேரத்துல ஆடினதா ரெக்கார்டு சொல்வாங்க, இப்பவும் வருஷா வருஷம் மேடைல யாராவது பிரபலத்த நிக்க வெச்சு மொத்தக் கூட்டமும் கைய மடக்கி ரெக்கை அடிக்கும். எங்க மாமியார் போன தடவை வந்தப்ப சேலையோட ஆடினாங்க, வீடியோ ஃபேமிலி குரூப்ல இன்னும் ஓடுது.

சாப்பாடு தான் முக்கியம், இதுல நான் எக்ஸ்பர்ட்டுங்க. ஏன்னா அக்டோபர்ஃபெஸ்ட் பெரும்பாலும் புரட்டாசில வந்து விழும், எங்க வீட்ல புரட்டாசி முழுக்க கறி கிடையாது, அத்தனை சாசேஜ் வாசனைக்கு நடுவுல சைவம் தேடித் தேடியே எனக்கு எல்லாம் அத்துப்படி. சாப்பிடக்கூடியது: பெரிய பிரெட்ஸல், வறுத்து சர்க்கரை பூசின பாதாம், சுட்ட சோளம் போட்டிருந்தா அது, ஆப்பிள் ஸ்ட்ரூடல், கிரீம் பஃப் (முட்டை இருக்கும், கேக் கணக்குல விட்டுருங்க). உருளைக்கிழங்கு பான்கேக்ல முட்டை உண்டு, எண்ணெயும் எதுல பொரிச்சதோ, கேட்டு வாங்குங்க. ஏமாத்தற அயிட்டம் மூணு இருக்கு. சார்க்ராட் பால்னு உருண்டையா வடை மாதிரி இருக்கும், முட்டைகோஸ்னு நெனச்சு வாயில போட்டுடாதீங்க, உள்ள பன்னிக்கறி இருக்கும். ஜெர்மன் உருளைக்கிழங்கு சாலட், பாத்தா பத்தியச் சாப்பாடு, உள்ள பேக்கன், அதுவும் பன்னிக்கறி தான், பொடிப்பொடியா கிடக்கும். கோட்டான்னு ஒண்ணு விப்பாங்க, ஓட்ஸ் தான்னு சொல்வாங்க, ஓட்ஸும் இருக்கும் பன்னி மாடு ரெண்டும் இருக்கும். வீட்லயே புளியோதரை கட்டிக்கிட்டு கார்ல வெச்சு சாப்பிட்டுட்டுப் போயிடறது உத்தமம்.

அம்மா உக்கார எடம் பத்தி கவலைப்படாதீங்க. யீட்மன்ஸ் கோவ்ல செர்பன்டைன் வால்னு ஆத்தைப் பாத்து வளைஞ்சு வளைஞ்சு படிக்கட்டு இறங்கும், அம்மா மண்டபப் படித்துறைல உக்காந்த மாதிரியே இருக்கும், எதிர்ல கென்டக்கி.

நதிப்பக்கம்:

வாணவேடிக்கை பத்தி நான் சொல்றேன் சிஸ். லேபர் டேக்கு முந்தின ஞாயிறு, இந்த வருஷம் ஆகஸ்ட் 31. ஒரு ராக் ரேடியோ ஸ்டேஷன் தன்னோட பத்தாவது பிறந்தநாளுக்காக 1977ல ஆரம்பிச்சது, ஊரே அத கோடைக்கு விடை குடுக்கிற நாளா எடுத்துக்கிடுச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஆரம்பிக்கும், ஆத்துல படகு மேல இருந்து அரை மணி நேரம் விடுவாங்க, ரேடியோல ஓடற பாட்டுக்கு ஏத்த மாதிரி வெடிக்கும். பாலத்துல இருந்து தண்ணி மாதிரி நெருப்பு கொட்டும் பாருங்க, அத நேர்ல ஒரு தடவை பாக்கணும்.

ஆனா அம்மாவோட வேண்டவே வேண்டாம். ரெண்டு கரைலயும் சேத்து அஞ்சு லட்சம் பேர் வரைக்கும் வருவாங்க. எடம் புடிக்க மத்தியானமே போகணும், மத்தியானம்னா ஆகஸ்ட் வெயில், பாத்ரூமுக்கு வரிசை, முடிஞ்சதும் அத்தனை பேரும் ஒரே நேரத்துல காரை எடுப்பாங்க, மேசன் வந்து சேர நடுராத்திரி தாண்டிடும். அவங்க வந்து எத்தனை நாள் ஆகியிருக்கும், ஜெட்லாக்ல ஒன்பது மணிக்கு உக்காந்தபடியே தூங்குவாங்க. பாக்கணும்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் கென்டக்கில, கவிங்டன்ல இருக்கிற டெவூ பார்க் மேட்டுக்குப் போங்க, தூரமா தெரியும், சத்தம் கொஞ்சம் லேட்டா வந்து சேரும், மடக்கு சேர் போட்டு உக்காரலாம். இல்ல டிவில லைவ்.

அதே நாள் மத்தியானம் ரப்பர் வாத்து பந்தயம் நடக்கும், பையனுக்கு அது போதும். ஒரு லட்சத்துக்கும் மேல மஞ்சள் பொம்மை வாத்த ஆத்துல கொட்டுவாங்க, வாத்துக்கு நம்பர் இருக்கும், காசு கட்டி தத்து எடுத்துக்கணும், முதல்ல வர்ற வாத்துக்கு கார் மாதிரி பரிசு. பணம் ஃப்ரீஸ்டோர் ஃபுட்பேங்குக்குப் போகுது, சாப்பாடு இல்லாதவங்களுக்கு. 1995ல இருந்து நடக்குது.

சும்மா_சொல்றேன்:

எல்லாரும் அக்டோபர்ஃபெஸ்ட் அக்டோபர்ஃபெஸ்ட்னே சொல்றீங்க, நான் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க கோவை அண்ணா. லட்சக்கணக்கான பேர் வர்ற எடத்துல வயசானவங்களுக்கு என்ன கிடைக்கும்? முதுகு தான் தெரியும். அங்க இருக்கிற பாதி பேர் இண்டியானால இருந்தும் கென்டக்கில இருந்தும் டிரைவ் பண்ணி வந்தவங்க, பீர் டம்ளர் கலெக்ட் பண்றவங்க. இந்த ஊர் ஆளுங்கள பாக்கணும்னா சர்ச் ஃபெஸ்டிவலுக்குப் போங்க ப்ரோ.

இங்க கத்தோலிக்க சர்ச் ஒவ்வொண்ணும் கோடைல ஒரு வெள்ளி சனி ஞாயிறு அதோட பார்க்கிங் லாட்லயே திருவிழா போடும். பெரும்பாலும் ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடிஞ்சிடும், லேபர் டே ஒட்டியும் அதுக்கு அப்புறமும் சிலது இருக்கும், அந்தந்த சர்ச் வாசல்லயே போர்டு வெச்சிருப்பாங்க. ராட்டினம், பொம்மை ஜெயிக்கிற ஸ்டால், ஏலம், லாட்டரி டிக்கெட், சக்கரம் சுத்தி காசு வைக்கிற சூதாட்டம் கூட உண்டு, சர்ச் வளாகத்துலயேங்க, லாபநோக்கம் இல்லாத அமைப்புன்னா சட்டம் அனுமதிக்குது. பீர் ஊத்தறவர் ஸ்கூல் அப்பா, வறுத்த கோழி போடறது பாட்டிங்க, வர்றவங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். உங்க அப்பா போய் நின்னா பக்கத்துல ஒரு தாத்தா வந்து பேச்சு குடுப்பார், நான் கேரண்டி. அக்டோபர்ஃபெஸ்ட்ல யாரும் பேச மாட்டாங்க, அங்க பேசினாலும் பேண்ட் சத்தத்துல காதுல விழாது.

இன்னொண்ணு, சனிக்கிழமை காலைல ஃபிண்ட்லே மார்க்கெட். 1855ல திறந்த சந்தை, ஒஹையோல விடாம நடந்துட்டு இருக்கிற சந்தைகள்லயே பழசு. செப்டம்பர்னா விவசாயிங்க வெளிய கடை போட்டிருப்பாங்க, தக்காளி, சோளம், மிளகாய், ஆப்பிள், பரங்கி எல்லாம் ஒண்ணா வர்ற ஒரே மாசம் அது. அம்மாங்க ஷாப்பிங் மால்ல சலிச்சுப் போவாங்க, காய் கடைல சலிக்க மாட்டாங்க. திங்கக்கிழமை லீவு, மறந்துடாதீங்க.

கோவை_டு_ஒஹையோ:

கோச்சுக்கல தம்பி. ஆனா சர்ச் ஃபெஸ்டிவல்ல சைவத்துக்கு ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் விட்டா வேற கதி இல்ல, அதையும் சொல்லணுமில்ல. கூட்டம்னா முதுகு தான் தெரியும்ங்கறதும் முழுசா ஒத்துக்க மாட்டேன், அவங்க அப்பா கேட்டதே "மனுஷங்களே இல்ல"ன்னு தானே, ஒரு தடவை ஆறு லட்சம் மனுஷங்கள காட்டிடலாம். சின்னதா ஒரு ஜெர்மன் விழா வேணும்னா லேபர் டேக்கு அடுத்த வாரம் கவிங்டன்ல மெயின்ஸ்ட்ராசா பக்கம் ஒண்ணு நடக்கும், அதே பிரெட்ஸல் அதே பேண்ட் கொஞ்சம் குறைச்ச கூட்டம், மரநிழல் உண்டு.

ரோட்டோர_போர்டு:

அப்பா போர்டு படிக்கிறவர்னு பாத்ததும் பதில் போட வந்துட்டேன், நானும் அதே கேஸ்.

முதல்ல ஓவர் தி ரைன் ஏரியாவுக்கு கூட்டிட்டுப் போங்க, அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு முன்னாடி வாரமே. அத பாக்காம விழாவுக்குப் போனா ஏன் இந்த ஊர்ல இவ்ளோ பெரிய ஜெர்மன் விழான்னு புரியாது. 19வது நூற்றாண்டுல ஜெர்மன்காரங்க கும்பல் கும்பலா வந்து குடியேறின எடம், டவுன்டவுனுக்கும் அதுக்கும் நடுவுல மயாமி ஈரி கால்வாய் ஓடிச்சு, அதைத் தாண்டினா ஜெர்மன் பேச்சு, ஜெர்மன் பேப்பர், ஜெர்மன் சர்ச், தெருவுக்குத் தெரு பீர் காய்ச்சற ஆலை. முதல் உலகப்போர்ல அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிரா இறங்கினதும் எல்லாம் தலைகீழ். 1918ல சிட்டி கவுன்சில் ஒரு டஜன் தெருவுக்கு மேல பேர் மாத்துச்சு, ஜெர்மன் ஸ்ட்ரீட் இங்கிலிஷ் ஸ்ட்ரீட் ஆச்சு, பிரெமென் ஸ்ட்ரீட் ரிபப்ளிக் ஸ்ட்ரீட் ஆச்சு. ஸ்கூல்ல ஜெர்மன் பாடத்த நிறுத்தினாங்க. அது முடியறதுக்குள்ள மதுவிலக்கு வந்து ஆலைங்களையும் மூடிடுச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் கழிச்சு 1976ல தான் டவுன்டவுன் நடுவுல இவ்ளோ பெருசா அதே அடையாளத்த ரோட்ல கொண்டாட ஆரம்பிச்சாங்க. பழைய பேர் போட்ட சின்ன போர்டு சில தெருமுனைல இப்பவும் இருக்கு, அப்பாவுக்கு அது ஒரு நாள் வேலை.

அந்தக் கால்வாய் இப்ப சென்ட்ரல் பார்க்வே ரோடு. கால்வாய்ல தண்ணிய வடிச்சிட்டு அதே பள்ளத்துல 1920ல சப்வே கட்ட ஆரம்பிச்சாங்க, விலைவாசி ஏறி காசு பத்தாம பாதில விட்டுட்டாங்க. ரெண்டு மைல் சுரங்கம், ஸ்டேஷனோட, இன்னைக்கும் ரோட்டுக்கு அடில சும்மா கிடக்கு, ஒரு ரயில் கூட ஓடினதில்ல. உள்ள போக விட மாட்டாங்க, ஆனா மேல நின்னு இதுக்குக் கீழ தான்னு சொன்னாலே அப்பா அரை மணி நேரம் யோசிப்பார்.

ரோப்ளிங் தொங்கு பாலம் விட்றாதீங்க. நீலக்கலர்ல இருக்கும், 1866 கடைசில திறந்தாங்க, அப்ப உலகத்துலயே நீளமான தொங்கு பாலம், தூணுக்குத் தூண் 1,057 அடி. இத கட்டின ஜான் ரோப்ளிங் தான் நியூயார்க் புரூக்ளின் பாலத்துக்கும் டிசைன் போட்டவர். பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஸ்மேல் ரிவர்ஃபிரன்ட் பார்க், அங்க ஆத்தைப் பாத்த மாதிரி பெரிய பெரிய ஊஞ்சல் வரிசையா மாட்டியிருக்காங்க, ஒரு குடும்பமே உக்காரலாம். அம்மாவ ஊஞ்சல்ல உக்கார வெச்சிட்டு அப்பாவும் நீங்களும் பாலம் நடுவரைக்கும் நடந்துட்டு வந்துடலாம், பையனுக்கு பக்கத்துலயே விளையாட எடம், ராட்டினமும் உண்டு.

நடக்கறத குறைக்க ஸ்ட்ரீட்கார் ஏறுங்க, கனெக்டர்னு பேரு, 2020ல இருந்து டிக்கெட்டே கிடையாது. ஆத்தங்கரைல ஏறினா ஓவர் தி ரைன் வழியா ஃபிண்ட்லே மார்க்கெட் வாசல்ல எறக்கி விடும், படி ஏற வேண்டியதில்ல. சும்மா ஏறி ஒரு ரவுண்ட் வந்தாலே ஊர் பாத்த மாதிரி.

மேசன்_புதுசு:

அய்யோ இவ்ளோ பதிலா, ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். அந்த சப்வே விஷயத்த அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன், "கட்டிட்டு ஏன் விட்டான், டெண்டர் யாரு எடுத்தது"ன்னு இப்பவே விசாரணை ஆரம்பிச்சிட்டார். வாணவேடிக்கை கேன்சல், வாத்து மட்டும் நானும் பையனும் போறோம். அக்டோபர்ஃபெஸ்ட் கோவை அண்ணா சொன்ன மாதிரி 21ந் தேதி ஞாயிறு காலைல போலாம்னு நெனைக்கிறேன், வியாழன் எனக்கு ஆபீஸ் இருக்கு. சரியா வரும்ல?

கொலுப்படி:

கண்ணு, ஞாயிறு போடாதே. காலண்டர எடுத்துப் பாரு, அந்த சனி ஞாயிறுல தான் மகாளய அமாவாசை வருது. ஊர்ல 21ந் தேதி, இங்க நேரம் பாத்தா சனி மத்தியானமே அமாவாசை தொடங்கிடும், உங்க வீட்டு வாத்தியார் எந்த நாள் சொல்றாரோ அன்னைக்கு அப்பா தர்ப்பணம் பண்ணுவார் இல்லியா, அத முடிச்சுட்டு பீர் கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும். தர்ப்பணம் பண்ற வீடா இல்லாட்டி நான் சொன்னத விட்டுரு. பண்ற வீடுன்னா அரை நாள் லீவ் போட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ட்டு வா. திங்கக்கிழமை 22 நவராத்திரி ஆரம்பம், வீட்ல கொலு வெக்கிறதா இருந்தா அம்மா ஞாயித்துக்கிழமை படி கட்டாம எங்கயும் வர மாட்டா, எழுதி வெச்சுக்கோ.

நவராத்திரிக்குன்னு தனியா எதுவும் தேட வேண்டாம், இந்த மேசன் வெஸ்ட் செஸ்டர் பக்கம் எத்தன வீட்ல கொலு இருக்குன்னு நெனைக்கிற. வாரநாள்ல யாருக்கும் நேரமில்ல, அதனால எல்லாரும் நடுவுல வர்ற ஒரே சனி ஞாயிறுக்கு கூப்பிடுவாங்க, மத்தியானம் மூணு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரிக்குள்ள ஏழெட்டு வீடு, எட்டு வீட்லயும் சுண்டல், கடைசி வீட்ல யாரும் தொட மாட்டாங்க. உங்க அம்மாவுக்கு அது தான்டா திருவிழா. கிளாட்டி ரோடு கோயிலுக்கும் கூட்டிட்டுப் போ. கார்பா ஆட்டமும் அந்த சமயத்துல நிறைய நடக்கும், ஒண்ணு பாத்தா போதும், காது வலிக்கும்.

முக்கியமா யாருமே சொல்லாத ஒண்ணு சொல்றேன். ஆகஸ்ட் பாதில இருந்து முதல் உறைபனி விழற வரைக்கும் இங்க ராக்வீட் மகரந்தம் காத்துல பறக்கும், ஒஹையோ பள்ளத்தாக்குல அது ரொம்ப மோசம். புதுசா வர்றவங்களுக்கு சிலருக்கு மூக்கு ஒழுகும், கண்ணு அரிக்கும், சளி புடிச்சிருக்குன்னு நெனச்சு கஷாயம் போட்டுக் குடுப்போம், சரியாகாது. வெளிய சுத்திட்டு வந்தா முகம் கழுவி துணி மாத்தச் சொல்லு, ரொம்ப இருந்தா டாக்டர் கிட்ட கேட்டு மாத்திரை வாங்கி வெச்சுக்கோ, ஏற்கனவே பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்கன்னா கேக்காம எதையும் குடுக்காதே. அப்புறம் செப்டம்பர்ல மத்தியானம் வியர்க்கும், சூரியன் எறங்கினதும் குளிரும். ஸ்வெட்டர் மப்ளர் கார்லயே கிடக்கட்டும். ஊர்ல இருந்து வர்றவங்க "எனக்கு குளிரல"ன்னு சொல்லுவாங்க, நம்பாதே.

அக்டோபர் ரெண்டாவது மூணாவது வாரம் இலை நிறம் மாறும். அதுக்கு தூரமா எங்கயும் போக வேண்டாம், ஷேரன் வுட்ஸ் பார்க்ல ஏரிப் பக்கம் கார்லயே போலாம். லெபனான்ல ஆப்பிள் தோட்டம் இருக்கு, அங்க சுடச்சுட சைடர் டோனட் போடுவாங்க. மத்தவங்களுக்கு முட்டை இருக்கான்னு நீயே பாத்துக்கோ, எங்க வீட்டுக்காரர் கேக்கறதே இல்ல, அவர் பாட்டுக்கு அரை டஜன் உள்ள தள்ளிடுவார்.

பரங்கிக்கா:

முட்டைகோஸ் திருவிழா நிஜம் தாங்க, கிண்டல் இல்ல. வேன்ஸ்வில்னு உங்க வீட்ல இருந்து அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, 1970ல இருந்து நடக்குது, அக்டோபர் ரெண்டாவது சனி ஞாயிறு, இந்த தடவை 11, 12. அந்த ஊரே ஒரு மெயின் ஸ்ட்ரீட் தான், ஃபுல்லா பழம்பொருள் கடை, அதுல ரெண்டு நாள்ல லட்சக்கணக்குல ஆள். புளிக்க வெச்ச முட்டைகோஸ டன் கணக்குல காலி பண்றாங்க, அதுல ஃபட்ஜ் பண்ணி விக்கிறாங்க, சாக்லேட் ஃபட்ஜ் உள்ள முட்டைகோஸ். நான் சாப்பிட்டேன், சொல்லிட்டா நம்ப மாட்டீங்க, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நிறைய நடக்கணும், கார் நிறுத்தறது தலைவலி, அம்மாவுக்கு வேண்டாம்.

பரங்கிக்காய் பாக்கணும்னா சர்க்கிள்வில் பம்கின் ஷோ, 1903ல இருந்து, அக்டோபர் 15ல இருந்து 18 வரைக்கும். ரெண்டு மணி நேரம் டிரைவ், கொலம்பஸுக்குத் தெக்க. பல நூறு கிலோ எடைல ஒரு பரங்கிக்காய ஃபோர்க்லிஃப்ட்ல தூக்கிட்டு வந்து எடை போடுவாங்க, ஊர் பெரியவங்க மாதிரி அதுக்கு மரியாதை. ஆறடி அகலத்துல ஒரு பை, பாக்க மட்டும், வெட்ட மாட்டாங்க. புதன் இல்ல வியாழன் போனா பரவாயில்ல. எங்க அம்மா அந்தக் காய பாத்துட்டு கேட்டது, "இத கூட்டு வெச்சா வேகுமா?"

பிளிங்க் பத்தி யாரும் சொல்லலயேன்னு பாத்தேன், கரெக்ட் தான், இந்த வருஷம் கிடையாது. டவுன்டவுன் கட்டடம் எல்லாத்து மேலயும் லைட் அடிச்சு படம் ஓட்டுவாங்க, நாலு ராத்திரி, 2017ல ஆரம்பிச்சாங்க, கடைசியா 2024 அக்டோபர்ல நடந்துச்சு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அடுத்த வருஷமும் அப்பா அம்மாவ அக்டோபர்ல வர வைக்க முடிஞ்சா வர வைங்க, இங்க இருக்கிற எல்லாத்தையும் விட எனக்கு அது தான் டாப்.

மேசன்_புதுசு:

கொலுப்படி அம்மா, நல்ல வேளை சொன்னீங்க, நாங்க தர்ப்பணம் பண்ற வீடு தான், காலண்டரே பாக்கல. வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவ் கேக்கறேன். சனிக்கிழமை ஒரு நாள் ஃபிண்ட்லே மார்க்கெட், ஸ்ட்ரீட்கார், ஊஞ்சல் மூணையும் ஒண்ணா முடிக்கலாம்னு பாக்கறேன். ஒரே ஒரு டவுட், அந்த ரூட்டுக்கு கார எங்க விடறது, மார்க்கெட் பக்கமா ஆத்தங்கரையா?

ரோட்டோர_போர்டு:

ஆத்தங்கரைல விடுங்க, தி பேங்க்ஸ் கராஜ், லிஃப்ட் இருக்கு, ஊஞ்சல் கிட்டயே. மார்க்கெட் பக்கம் சனிக்கிழமை பத்து மணிக்கு மேல லாட் ஃபுல் ஆயிடும். ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி அன்னைக்கு ரெட்ஸ் (பேஸ்பால்) மேட்ச், இல்ல ஞாயிறுன்னா பெங்கால்ஸ் (அமெரிக்கன் ஃபுட்பால்) மேட்ச் ஹோம் கேமான்னு பாத்துருங்க, ஸ்டேடியம் ரெண்டும் அங்கயே தான், மேட்ச் இருந்தா பார்க்கிங் ரேட் எங்கயோ போயிடும்.

கோவை_டு_ஒஹையோ:

வெள்ளிக்கிழமை மத்தியானம்னா நானும் வீட்டம்மாவும் வர்றோம்ங்க, எங்க மாமியார் இந்த தடவையும் இங்க தான் இருக்காங்க. பெரியவங்க மூணு பேரும் செர்பன்டைன் வால்ல உக்காந்து பேசட்டும், நாம பிரெட்ஸல் வரிசைல நிக்கலாம். புளியோதரை நீங்க, தயிர்சாதம் நாங்க.